நீங்கள் பிடுங்கி எறிந்த சிவப்புப் பெட்டிகள்

டாக்டரம்மா,

இன்று காலை பால் பாக்கெட்டும் கையுமாக நம் குடியிருப்பின் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு கார் பின்பக்கமாக என்மேல் ஏற வந்தது. சும்மா வரவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. பூனாவின் இந்த வானவடியில் இப்போது பின்னால் நகர்கிற கார் ஒவ்வொன்றும் ஒரு ராகம் வைத்திருக்கிறது. எதிர் வரிசையில் ஒன்று, குப்பைத்தொட்டி ஓரம் ஒன்று, என் முதுகுக்குப் பின்னால் ஒன்று என்று மூன்று வித்வான்களும் ஒரே நேரத்தில் கச்சேரி செய்தார்கள். நான் காதிலேயே வாங்கவில்லை. வண்டிகளுக்கு நடுவில் படுத்திருந்த நாய்கூட ஒரு காதைத் தூக்கவில்லை. முகத்தில் துப்பட்டா சுற்றி ஸ்கூட்டியில் போன ஒரு பெண் "காகா, மாகே பகா!" என்று, பெரியவரே பின்னால் பாருங்கள் என்று, மராட்டியில் அலறினாள். துள்ளி விலகினேன். பால் பாக்கெட் மட்டும் வீரமரணம் அடைந்தது.

சாவு பின்னால் வந்து நிற்கும்போது மனிதனுக்குக் குலதெய்வம் நினைவுக்கு வரவேண்டும். எனக்கு நீங்கள் வந்தீர்கள். "ஏனுங்க, எல்லாமே கத்துனா எதுங்க கேக்கும்?" என்று மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். என் குலதெய்வம் இதை லேசில் மன்னிக்காது.

போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் மரியாதை என்று என் மனைவி சொல்கிறாள். எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்பதற்காக என் கோபமும் கூடவே போகவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அது இன்னும் உயிரோடு, நல்ல பசியோடு, சர்க்கரை வியாதிகூட இல்லாமல் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருநெல்வேலியிலிருந்து வந்து அந்த ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் சேர்ந்தபோது, நீங்கள் ஏற்கெனவே அங்கே பெரிய டாக்டர். கணவர் ராணுவத்தில் இருந்ததால் பூனாவுக்கு வந்து, அவர் ஓய்வு பெற்ற பின்னும் நகர மறுத்த கோயம்புத்தூர்க்காரி. மற்ற ஊர்க்காரர்கள் திட்டினால் திட்டு என்று தெரியும். நீங்கள் ஒவ்வொரு அறைக்கும் பின்னால் ஒரு 'ங்க' வைத்து அறைவீர்கள். "உங்களுக்கு மண்டையில ஒண்ணுமில்லீங்களாட்டமிருக்குதுங்க" என்று நீங்கள் சொன்னால், அடிபட்டவன் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, படியிறங்கும்போதுதான் வலியை உணர்வான்.

பிறகு இரண்டாயிரங்கள் பிறந்தன. ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கிடங்கில் கம்ப்யூட்டர் தட்டிப் பழகியிருந்த ஒரே ஜீவன் நான் என்பதால் அந்தச் சாம்ராஜ்யம் என் தலையில் சூட்டப்பட்டது. இனிமேல் டாக்டர்கள் மருந்துச் சீட்டைக் கையால் எழுதக்கூடாது, திரையில்தான் எழுதவேண்டும். எழுதுகிற மருந்தில் ஆபத்து ஏதாவது இருந்தால் சிவப்பாக ஒரு பெட்டி முளைத்து எச்சரிக்கும். 'சரி' என்ற பொத்தானை அமுக்கினால்தான் விலகும். நான் அதை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்த அழகை நீங்கள் பார்த்தீர்கள். பட்டத்து யானையை ஊர்வலமாக அழைத்துவந்தவனுக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருந்திருக்காது.

மென்பொருள் விற்க வந்த பையன் நியாயமாகத்தான் கேட்டான்: "எந்தெந்த எச்சரிக்கைகள் வேண்டும்? நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்."

நம் நிர்வாகி ஸாஹேப் கேட்ட பதில் கேள்வி ஒன்றே ஒன்று: "எல்லாம் போட்டால் விலை கூடுமா?"

"கூடாது, சார்."

"அப்படியானால் எல்லாம் போடு."

அளவில்லாத் தாலிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மனிதன், ஸ்ரீகண்டையும் போடு, பாசுந்தியையும் போடு, வேண்டாத பாகற்காயையும் போடு, எல்லாம் ஒரே விலைதானே என்பானே, அந்த ஞானத்தோடு ஒரு ஆஸ்பத்திரியின் எச்சரிக்கைகள் தீர்மானிக்கப்பட்டன. ஸாஹேப் மட்டுமல்ல, நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். சிவப்புப் பெட்டி எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு என்று இந்தப் பூமியில் அன்றைக்கு நம்பாதவர் நீங்கள் ஒருவர்தான்.

காய்ச்சல் மாத்திரை எழுதினால் கல்லீரல் பெட்டி. இருமல் மருந்துக்குத் தூக்கப் பெட்டி. இரும்புச்சத்து மாத்திரைக்கு, தேநீரோடு தராதே என்று பெட்டி. பெண் என்று பதிவாகியிருந்தால் போதும், கர்ப்பமா என்று பெட்டி. இந்த உலகத்தில் பெட்டி வராத மருந்து ஒன்று உண்டு என்றால் அது வெந்நீர்தான். அதற்கும் சூடு பற்றி ஒன்று வந்திருக்கும், எழுதிப் பார்க்க யாரும் துணியவில்லை.

முதல் வாரம் டாக்டர்கள் படித்தார்கள். இரண்டாம் வாரம் முறைத்தார்கள். அப்புறம் அவர்களுடைய வலது ஆள்காட்டி விரல் தனியாக உத்தியோகம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. கொசு உட்கார்ந்தால் கை தானாகப் போகுமே, அப்படி. பெட்டி வரும், விரல் போகும், பெட்டி சாகும். நீங்கள் அப்போதே தினமும் எனக்குப் போன் போட்டீர்கள்.

"ஏனுங்க கம்ப்யூட்டர், உங்க டப்பா மறுபடியும் குரைக்குதுங்க."

"டாக்டரம்மா, அது காவல் காக்குது. குரைக்கத்தான் செய்யும்."

"தபால்காரரு, பால்காரரு, வீட்டுக்காரரு எல்லாத்தையும் பாத்துக் குரைக்கற நாய்க்குக் காவல்னு பேரில்லீங்க. அதை அவுத்து உட்டுப்போட்டு வேற வேலை பாப்பாங்க."

என் பட்டத்து யானையை நீங்கள் நாய் என்றீர்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாக உங்கள் மேல் ஒரு செங்கல் லாரி கவிழவேண்டும் என்று பிரார்த்தித்தேன்.

பிறகு நடந்தது சிரிப்பில்லை. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வலி என்று ஹடப்ஸரிலிருந்து வந்தார். உங்கள் பிரிவில் உங்களுக்கு அடுத்தபடியாக இருந்த டாக்டர் மேதா வலி மாத்திரை எழுதினாள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் என்று சிவப்புப் பெட்டி வந்தது. அதற்கு முன்னால் அதே மனிதருக்குத் தேநீர்ப் பெட்டி, தூக்கப் பெட்டி, வயதுப் பெட்டி எல்லாம் வந்து போயிருந்தன. விரல் போனது. பெட்டி செத்தது. அந்த மனிதர் சில நாளில் இரத்த வாந்தியோடு திரும்பி வந்தார். பாட்டில் பாட்டிலாக இரத்தம் ஏற்றிக் காப்பாற்றினீர்கள், நீங்களும் மேதாவும்தான்.

ஸாஹேப் விசாரணை வைத்தார். என்னைக் கூப்பிட்டார். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். பெட்டி வந்தது உண்மை, அது இமைப்பொழுதில் மூடப்பட்டது உண்மை, மூடியது டாக்டர் மேதா என்பதும் உண்மை. என் இயந்திரம் பொய் சொல்லாது என்று மார்தட்டிச் சொன்னேன். உள்ளூர எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மேதா அழவில்லை. இந்தியில் மெதுவாகச் சொன்னாள்: "காகா, நான் அதைப் பார்த்தேனா என்று எனக்கே தெரியவில்லை. என் விரல்தான் பார்த்தது."

"எச்சரிக்கையை மதிக்காத டாக்டர் இங்கே வேண்டாம்," என்றார் ஸாஹேப். மாதக் கடைசியோடு அவளை அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. கூடவே, எல்லா டாக்டர்களும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் முழுவதும் படித்து, அது சொல்கிறபடி செய்த பிறகே மருந்து தரவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. இப்படி வேலை போன டாக்டரை இந்த ஊரில் வேறெந்த ஆஸ்பத்திரி சேர்க்கும்? மேதாவுக்கு இரண்டு பிள்ளைகள், கணவருக்கு நிரந்தர வேலை கிடையாது. இதெல்லாம் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

நீங்கள் தாழ்வாரத்தில் என்னை மறித்தீர்கள்.

"சாட்சி சொல்லிப்போட்டு வர்றீங்களாக்கும்?"

"உள்ளதைத்தானே சொன்னேன் டாக்டரம்மா. பெட்டி வந்துச்சு, அவங்க பாக்கலை. இதுல நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க பாப்போம்."

"அதுக்கு முன்னால எத்தனை டப்பா வந்து அந்தப் புள்ளை கண்ணைக் கெடுத்துதுன்னு சொன்னீங்களா?"

"அதைக் கேக்கலையே."

"கேக்கமாட்டாங்க. நாளைக்கு நானே காட்டறனுங்க. காலுக்கு நல்ல செருப்பாப் போட்டுட்டு வாங்க."

செருப்பை ஏன் சொன்னீர்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் காலை நீங்கள் செய்த காரியத்துக்குப் பெயர் கீழ்ப்படிதல். உலகத்தில் அதைவிடக் கொடூரமான ஆயுதம் கண்டுபிடிக்கப்படவில்லை. சுற்றறிக்கையில் உள்ளபடி ஒவ்வொரு பெட்டியையும் முழுவதும் வாய்விட்டுப் படித்தீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு மராட்டியில் விளக்கினீர்கள். 'மருந்துப் பிரிவைக் கலந்து ஆலோசிக்கவும்' என்று பெட்டி சொன்னால் எனக்குப் போன். போனில் சொல்லமாட்டேன், நேரில் வந்து திரையைப் பாருங்கள் என்று கட்டளை. லிஃப்ட் பழுது. மூன்று மாடி ஏறினேன், இறங்கினேன், ஏறினேன். அன்றைக்கு நான் ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சிங்ககட் கோட்டை உச்சியைத் தாண்டி மேகத்தில் இடித்திருக்கும். என் கால்கள் அந்த ஒரே நாளில் தேய்ந்து நான் குள்ளமாகிவிட்டேன். பழைய போட்டோக்கள் சாட்சி.

எண்பதைத் தாண்டிய ஒரு மராட்டி மூதாட்டி, மூச்சிரைப்பு என்று வந்திருந்தாள். மருந்து எழுதினீர்கள். பெட்டி வந்தது. நீங்கள் பேனாவைக் கீழே வைத்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டீர்கள்:

"ஆஜி, தும்ஹி கரோதர் ஆஹாத் கா?"

கர்ப்பமாக இருக்கிறீர்களா என்ற கேள்வி அந்தக் காதில் ஏறச் சற்று நேரம் ஆயிற்று. ஏறியதும், தன் புருஷன் போயே இருபது வருஷம் ஆகிறது, அவன் பேரைக் கெடுக்காதே என்று பிடித்துக்கொண்டாள். வெளியே உட்கார்ந்திருந்த வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. நீங்கள் என்னைக் கைகாட்டினீர்கள். "நான் கேக்கலை ஆஜி, இவர் பெட்டிதான் கேக்குது." அந்தக் கிழவி என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே சாம்பலாகி, ஒரு பிடி விபூதியாகப் படியிறங்கினேன்.

மத்தியானம் வரைக்கும் நீங்கள் பார்த்து முடித்த நோயாளிகளை விரல்விட்டு எண்ணலாம். வரிசை மாடிப்படி வழியாக இறங்கி, வாசலைத் தாண்டி, வடாபாவ் வண்டி வரைக்கும் போயிற்று. வண்டிக்காரன் மட்டும் உங்களை வாழ்த்தினான். காலையில் தலையில் அடித்துக்கொண்ட மற்ற டாக்டர்கள், மதியத்துக்குமேல் ஒருவர் பின் ஒருவராக உரக்கப் படிக்க ஆரம்பித்தார்கள். நாலைந்து அறைகளிலிருந்து ஒரே நேரத்தில் பாராயணம். வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள், சிலர் என் சட்டையைப் பிடித்தார்கள். ஏனோ எல்லாருக்கும் என் சட்டைதான் வசதியாக இருந்தது.

கடைசியில் ஸாஹேபே மூச்சு வாங்க மேலே வந்தார். "மேடம், யே க்யா ஹை? வாசலில் கலவரம் நடக்கிறது."

"உங்க சுற்றறிக்கைதான் சார்," என்றீர்கள் அவருடைய மொழியில், பரம சாதுவாக.

"அது சரி மேடம், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள். எல்லாவற்றையுமா படிப்பார்கள்?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தீர்கள் என்று அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. வலைக்குள் வந்த மீனைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தீர்கள்.

"அப்படீன்னா எதைப் படிக்காம விடலாம்னு நீங்களே சொல்லுங்க சார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. உடனே வரிசையை முடிச்சுடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எதை விடலாம் என்று அவர் எழுதினால், நாளை அதில் ஒருவர் செத்தால் பழி அவருக்கு. எழுதாவிட்டால் ஆஸ்பத்திரி சாயங்காலத்துக்குள் இழுத்து மூடவேண்டும்.

நீங்கள் விடவில்லை. "உங்களாலேயே சொல்ல முடியலை. டாக்டர் மேதா ஒரு நாளைக்கு இதே மாதிரி எத்தனையோ தடவை ஒத்தையா முடிவு பண்ணணும், ஒரு நொடியில. படிச்சா வரிசை நிக்கும்னு திட்டுவீங்க. படிக்கலைன்னா வேலையை விட்டு அனுப்புவீங்க. எது வேணும்னு சொல்லுங்க சார், அதைச் செய்யறோம்."

மேதாவை அனுப்பும் உத்தரவு அன்று சாயங்காலமே திரும்பப் பெறப்பட்டது. பெட்டிகளைக் களையெடுக்க ஒரு குழு போடப்பட்டது: நீங்கள், மேதா, கொலைக்களத்துக்கு இழுத்துவரப்பட்ட ஆடாக நான்.

சனிக்கிழமை தோறும் கேன்டீனில், மிசல் பாவ் தட்டுகளுக்கு நடுவில் என் சாம்ராஜ்யம் துண்டு துண்டாக வெட்டப்பட்டது. மேதா ஒவ்வொரு பெட்டியாகப் படிப்பாள். நீங்கள் ஒரே கேள்விதான் கேட்பீர்கள்: "இதைப் படிச்சுப்போட்டு நான் என்னத்தைச் செய்யோணுமுங்க?"

"எச்சரிக்கையா இருக்கணும்," என்பேன்.

"அது செய்யறதில்லீங்க, அது நெனப்பு. மருந்தை மாத்தோணுமா, நிறுத்தோணுமா, ரத்தம் எடுத்துப் பாக்கோணுமா? ஒண்ணுமில்லீனா டப்பாவை எடுத்துப்போடுங்க."

தேநீர்ப் பெட்டி போயிற்று. தூக்கப் பெட்டி போயிற்று. மூதாட்டிகளின் மானம் காப்பாற்றப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் நான் போராடினேன். மிசல் காரத்திலா, தோல்வியிலா என்று தெரியாமல் கண்ணீர் விட்டேன். இரத்தக்கசிவுப் பெட்டியை மட்டும் நீங்களே பெரிதாக்கச் சொன்னீர்கள். அதை 'சரி' என்று தட்டிவிட முடியாமல், மாற்று மருந்துகளை அங்கேயே காட்டும்படி செய்யவைத்தீர்கள். சில மாதங்களில் ஆஸ்பத்திரி அமைதியாகிவிட்டது. எப்போதாவது சிவப்பு தெரிந்தால் டாக்டர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என்னிடம் வந்து அதென்ன என்று கேட்கக்கூடச் செய்தார்கள். எனக்குக் கிடைத்த அந்த மரியாதை முழுவதும் உங்களால் வந்தது என்பதுதான் பொறுக்கமுடியாதது.

ஒரு பெட்டியில் மட்டும் நான் மலைபோல் நின்றேன். சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு வலி ஊசி எழுதினால் வருகிற பெட்டி.

"இது தெரியாதவன் டாக்டரே இல்லீங்க. நாங்க என்ன எல்.கே.ஜி. புள்ளைங்களா?" என்றீர்கள்.

"தெரியும் டாக்டரம்மா. ஆனா ஆளுக்குச் சிறுநீரகம் கெட்டுருக்குன்னு அவசரத்துல மறந்துபோகும்லா? சும்மா சொல்லாதீங்க."

"எடுத்துப்போடுங்க."

"எடுக்க மாட்டேன். வேணும்னா என்னைய எடுத்துப்போடுங்க."

இந்தச் சண்டை வருடக்கணக்கில் நடந்தது. கணேசோத்ஸவ டோல் சத்தத்துக்கு நடுவில் நடந்தது, மேதாவின் வீட்டுப் புதுமனை விழாவில் வாயில் பூரணபோளியோடு நடந்தது. நீங்கள் ஓய்வு பெற்று, கணவரும் போன பிறகு, மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் கிளம்பிய அன்று உங்கள் வீட்டு வாசலில் சாமான் லாரி நின்றது. நான் வழியனுப்ப வந்தேன். இத்தனை வருடம் உங்களிடம் அடிபட்டவனுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்காதா என்ற நப்பாசைதான், வேறென்ன.

லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த அலமாரியைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "அந்த வலி ஊசி டப்பாவை இன்னும் எடுக்கலையாமே, மேதா சொன்னா. உங்களுக்கு ரொம்ப மண்டைக்கனமுங்க."

"ஊருக்குப் போயும் அதையே நெனச்சுட்டு இருங்க," என்றேன்.

அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. என்ன லட்சணம் பாருங்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் உங்கள் மகன் போன் செய்துவிட்டான். நெஞ்சு, தூக்கத்திலேயே, என்றான். சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டுவது உங்கள் குணம்தான். ஆனால் வாதத்தின் நடுவில் எழுந்து போகிற பழக்கம் உங்களுக்கு எப்போது வந்தது?

போன மாதம் மேதா அழைத்தாள். இப்போது அவள்தான் அங்கே பிரிவுத் தலைவி. நான் ஓய்வு பெற்றுவிட்டாலும், இங்கே கராடிப் பக்கம் கம்பெனிகளில் மென்பொருள் எழுதுகிற நம்மூர்ப் பையன்களுக்கு அவ்வப்போது போய்ப் பெட்டிகளைக் குறைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் என்னைக் கண்டதும் காபி குடிக்க ஓடிவிடுகிறார்கள். உங்கள் ஆஸ்பத்திரிக்குப் புது மென்பொருள் போடப்போகிறார்களாம், எதை வைப்பது எதை எடுப்பது என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, அந்த வலி ஊசிப் பெட்டியில் வந்து நின்றேன். நீங்கள் இருந்தால் கேட்டிருப்பதை நானே கேட்டேன். கேட்கவேண்டியிருந்தது. இல்லாவிட்டால் நான் நியாயமில்லாதவன் என்று மேலேயிருந்து 'ங்க' போட்டுச் சொல்வீர்கள்.

"இதைப் படித்ததும் நீ என்ன செய்கிறாய் மேதா?"

அவள் யோசிக்கவே இல்லை. "இரத்தப் பரிசோதனை முடிவைத் திறந்து பார்க்கிறேன் காகா. ஊசியை நிறுத்தி வேறு மருந்து எழுதுகிறேன். எலும்புப் பிரிவு டாக்டர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே இது இல்லையென்றால் எனக்குப் பயம். இதை எடுக்கச் சொல்லாதீர்கள்."

போனை வைத்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றேன். உங்கள் பழைய வீட்டு ஜன்னலில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது.

நான் ஜெயித்துவிட்டேன், டாக்டரம்மா. நூற்றுக்கணக்கில் ஒரே ஒரு பெட்டி, அதுவும் உங்கள் கேள்வியால், உங்கள் சிஷ்யையின் வாயால். இத்தனை வருடத்தில் கிடைத்த இந்த ஒரு வெற்றியைத் தூக்கிக்கொண்டு, யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று தெரியாமல் ஊரெல்லாம் அலைகிறேன். மனைவிக்குப் புரியவில்லை. கராடிப் பையன்கள் காபிக்குப் போய்விட்டார்கள். கேட்டு முகம் சுளிக்க வேண்டிய ஒரே ஆள் இல்லாமல் செய்துவிட்டுப் போனீர்களே, மற்ற எல்லாவற்றையும் ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன், இதை மன்னிக்கவே மாட்டேன்.